வெளுத்த வரிசை

அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "உன்னைக் கட்டிக்கிட்டவன் பாவம்" என்பான். அவன் சிரித்துவிட்டுப் போகட்டும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அந்தச் சந்தேகம்தான் அவளுக்குச் சோறு போட்டது.

எந்தச் சாப்பாடு யார் உடம்புக்கு ஆகாது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அது நிறையச் சின்னக் குழிகள். மேலிருந்து கீழாக ஒரு பத்தியில் கடலைச் சத்து பூசியிருக்கும், அடுத்ததில் பால், அடுத்ததில் முட்டை. குறுக்கே ஒரு வரிசைக்கு ஒரு ஆள். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைக் குழியில் விட வேண்டும். அந்தச் சாப்பாட்டை எதிரியாக நினைத்து உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கி வைத்திருந்தால், அது குழியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் போகாது. கடைசியில் நிறம் காட்டும் திரவத்தை விட்டால் குழி மஞ்சளாகும். மஞ்சள் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

அன்றைக்குத் தட்டில் ஐந்தாவது வரிசை அண்ணன் மகளுடையது. பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்று உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை. கடலைதான் காரணமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அது உண்மையானால், இன்னொரு தடவை கடலை தின்றால் மூச்சு நின்றேபோகலாம்.

மத்தியானம் மெஷின் சொன்னது: ஐந்தாவது வரிசையில் எல்லாமே பூஜ்யம். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கூடத்து டாக்டரம்மா இன்னும் முடிவைப் பார்த்து ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குள் இவள் போனை எடுத்துவிட்டாள்.

"அண்ணி! ஒண்ணுமே இல்ல அண்ணி! கடலை, பால், முட்டை, எதுவுமே இல்ல!"

அண்ணி அழுதேவிட்டாள். "அப்போ சாயங்காலம் கடலை சாக்லேட் வாங்கிக் குடுக்கட்டுமா? கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கறா."

"தாராளமா குடுங்க!"

சாயங்காலம் தட்டைக் குப்பையில் போடக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். ஐந்தாவது வரிசை வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. மற்ற வரிசைகளில் ஒத்துக்கொண்ட சாப்பாட்டுக்குக்கூட ஒரு மங்கல் மஞ்சள் தெரிந்தது. யார் ரத்தமானாலும் அந்த லேசான கறை படியும். இங்கே அதுவும் இல்லை. ஓடிப்போய்ச் சோதனைக் குழாய்களைப் பார்த்தாள். ஏழு குழாயில் மட்டம் இறங்கியிருந்தது. ஐந்தாவது வைத்தது வைத்தபடி நிறைந்திருந்தது.

தெளிநீரை உறிஞ்சிக் குழிகளில் விடும் எட்டு முனைப் பிப்பெட்டில் ஐந்தாவது முனை சரியாக அழுந்தாமல், காற்றை உறிஞ்சிக் காற்றையே விட்டிருக்கிறது. சோதனை சரியாக நடந்ததா என்று சரிபார்க்கத் தட்டின் ஓரத்தில் விடும் குழிகளைத் தனி பிப்பெட்டில் நிரப்பியதால் மெஷினுக்கும் சந்தேகம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கண்ணுக்கு நேரே தூக்கி, எட்டு முனையிலும் ஒரே மட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறவள் அவள். அன்றைக்குப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. "ஆச்சா? ஆச்சா?" என்று அண்ணி. ஊரில் இருக்கிற பூட்டையெல்லாம் இழுத்துப் பார்க்கிறவள், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிட்டாளே!

அண்ணிக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் போன் அணைந்திருந்தது.

"டாக்டர், அஞ்சாவது வரிசையில ரத்தமே விழல. நான் வீட்டுக்குச் சொல்லிட்டேன்…"

"நான் பாக்கறதுக்கு முன்னாடியேவா?" என்று ஆரம்பித்த டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "முதல்ல ஓடு. போனை நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் போய்ச் சேரவே மாட்டோமோ என்று இருந்தது. வீங்கிய உதடும் இழுக்கிற மூச்சும்தான் கண்ணுக்குள் நின்றன. கடவுளே, கடை மூடியிருக்கட்டும், அண்ணி மறந்திருக்கட்டும். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே சத்தமே இல்லை. சமையலறையில் போன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி!"

"மாடியில துணி எடுக்கறேன், வந்துட்டேன்!" என்று மேலிருந்து குரல் வந்தது.

பிள்ளை சோபாவுக்குப் பின்னால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டில், உறை பிரித்து இரண்டாக உடைத்த சாக்லேட்.

"அத்தை, ஏன் இவ்ளோ லேட்டு? நீ வந்தாத்தான் சாப்பிடுவேன்னு அம்மாகிட்ட சண்டை போட்டேன். இந்தா, பாதி உனக்கு."

தட்டைப் பிடுங்கினாள். பிள்ளையைத் தூக்கிப்போய்க் குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடி கழுவினாள். பிள்ளை வீறிட்டு அழுதாள். "நீதானே சாப்பிடலாம்னு சொன்னே! நீதானே சொன்னே!"

"ஆமாடா கண்ணு, நான்தான் சொன்னேன்" என்றாள்.

மறுநாள் திரும்பவும் அதே சோதனை. ஒவ்வொரு தடவையும் பிப்பெட்டைத் தூக்கி எட்டு முனைகளையும் பார்த்தாள். டாக்டரம்மாவையும் பார்க்கச் சொன்னாள். நிறத் திரவத்தை விட்டுவிட்டு நிமிர்வதற்குள், மற்ற குழிகள் வெளுப்பாகவே இருக்க, ஐந்தாவது வரிசையின் கடலைக் குழி மட்டும் பளீரென்று மஞ்சளாகிவிட்டது. பாதி உனக்கு என்று நீண்ட அந்தக் கை ஞாபகம் வந்தது. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.