வலைக்காரர்கள் இல்லாத நாள்

கர்னோதோவைப் புத்திசாலி என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருஷமாகப் பக்கத்து வீட்டிலிருந்து பார்க்கிறேன், அவனுக்குத் தெரிந்தது குதிரை ஒன்றுதான். புரோமோ எரிமலையைப் பார்க்க வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி, மணல்வெளியைக் கடந்து, படிக்கட்டின் அடியில் இறக்கிவிடுவான். மற்ற குதிரைக்காரர்கள் அங்கேயே குந்திக்கொண்டு சிகரெட் பிடிப்பார்கள். இவன் மட்டும் மூச்சு வாங்குகிறவர்களைக் கைபிடித்து இருநூற்றைம்பது படியும் ஏற்றிவிடுவான். மேலே எரிமலை வாயின் விளிம்பில் நின்று அவர்கள் படம் எடுத்தால் ஓரத்தில் இவன் முகமும் அகப்பட்டுக்கொள்ளும்.

"எங்க வீட்டுக்காரர் மூஞ்சி உலகம் பூரா போயிருக்கு. அவர்தான் கீழ இருக்கிற புரொபோலிங்கோ டவுனைத் தாண்டினதில்ல" என்று அவன் மனைவி லசெமி சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புக்காரிக்குத்தான் ஈரலில் கட்டி வந்தது. கீழே டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் தாங்கினால் அதிகமாம். கர்னோதோ ஆஸ்பத்திரி வாசலிலேயே வேண்டிக்கொண்டான்: அவள் பிழைத்தால், கசாடாத் திருவிழாவன்று, மலைக்குள் சாமியாக இருக்கும் எங்கள் குலப் பாட்டன் குசுமாவுக்கு ஒரு கிடா.

வேண்டுதலில் தப்பில்லை. நாங்கள் எல்லோருமே வேண்டுகிறவர்கள்தான். கேட்டது கிடைத்தால், கசாடாவன்று விளிம்பில் நின்று கோழியோ உருளைக்கிழங்கு மூட்டையோ பள்ளத்துக்குள் போட்டுவிட்டு வருவோம். கிடைத்த பிறகுதான் போடுவோம். இவனுக்கு அங்கேதான் புத்தி பிசகியது. கசாடாவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

ஒரு சாயங்காலம் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கிடாவை முன்னாடியே குடுத்துட்டா என்ன?"

"அதெப்படிடா?"

"வாங்கிக்கிட்ட பிறகு பாட்டன் சும்மா இருக்க முடியாதில்ல?"

"ஏன்டா, பாட்டன் என்ன தாலுகா ஆபீஸ் கிளார்க்கா, கையில திணிச்சா காரியம் முடிய?"

"சொல்றதைக் கேளுக்கா. கசாடா அன்னைக்கு நாம போடறதுல எது அவர்கிட்ட போகுது? உள்ள சரிவுல வலையைப் பிடிச்சுக்கிட்டு வரிசையா நிக்கிறானுங்களே, கோழி, ஆடு, காசு எல்லாத்தையும் அவனுங்கதானே அள்ளிட்டுப் போறானுங்க? வருஷா வருஷம் விளைச்சலுக்குப் போட்டுட்டு, பிள்ளை வேணும்னும் கேட்டோமே, எங்களுக்கு ஒண்ணு பொறந்துச்சா? சாதாரண நாள்ல போட்டா வலைக்காரன் இருக்க மாட்டான். முழுசா அவருக்கே போகும்."

"வலையில விழுந்தாலும் குடுத்தது குடுத்ததுதான்டா, கூறு கெட்டவனே!"

காதில் வாங்கவில்லை. பூசாரியிடம் போனான். நாளும் இல்லை, கிழமையும் இல்லை, நான் மந்திரம் சொல்ல மாட்டேன் என்று அவரும் துரத்திவிட்டார். போனவன் சும்மா இருந்தானா? அடுத்த வாரமே கிடா வாங்கிக் கட்டிவிட்டான்.

குளிருக்காக லசெமியின் கட்டிலை அடுப்புப் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தோம். கிடாவோடு அவன் கிளம்பிய அன்று விடியற்காலையில் அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு நாள் வீட்ல இருங்களேன்."

"ஜகார்த்தாவுலேர்ந்து ரெண்டு பேர் வந்திருக்காங்க. பத்து மணிக்கெல்லாம் வந்துடுவேன். வரும்போது நீ எழுந்து உட்கார்ந்திருப்பே, பாரு."

கிடாவைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன்.

மலையில் நடந்ததை என் தம்பி பைனோ சொன்னான். அவனும் குதிரைக்காரன், அன்று கூடவே போயிருந்தான். கர்னோதோ கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தனை படியும் ஏறியிருக்கிறான். பின்னால் வந்த ஜகார்த்தாக்காரி, "இதுவும் பேக்கேஜ்ல சேர்ந்ததா?" என்று கேட்டாளாம். விளிம்பில் இருக்கும் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, கிடாவை உள்ளே தள்ளினான். அப்போது மணி எட்டு.

கிடா சாம்பலில் சறுக்கிக்கொண்டே போய்ப் பாதிச் சரிவில் நின்றது. கந்தகப் புகையில் இரண்டு தும்மல் போட்டது. பிறகு வளைந்து வளைந்து ஏறி, அவன் காலடிக்கே திரும்பி வந்துவிட்டது. பிடிக்க அங்கே ஒரு வலைக்காரன் இல்லையே! ஜகார்த்தாக்காரர்கள் கை தட்டினார்களாம். இவன் மறுபடி தள்ளினான். அது மறுபடி வந்தது.

"அண்ணே, இன்னொரு தடவை தள்ளுங்க. வீடியோவுல சரியா விழல" என்றானாம் அவள்கூட வந்த ஆள்.

கர்னோதோ அதற்கு மேல் தள்ளவில்லை. பிள்ளையார் காலடியில் உட்கார்ந்துவிட்டான். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை, பைனோதான் தூக்கி நிறுத்தியிருக்கிறான். இறங்கும்போது கிடாவும் பின்னாலேயே வந்ததாம்.

அவன் வந்து சேர்ந்தபோது நான் அவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. உள்ளே கூடப் போகவில்லை.

"எத்தனை மணிக்குக்கா?"

"என்னடா கேள்வி இது? உள்ள போய் அவளைப் பாரு."

"எட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? முன்னாடின்னா பாட்டன் மேல தப்பில்ல. நான்தான் லேட்டு. பின்னாடின்னா, அவர் வேணும்னே திருப்பி அனுப்பிட்டார்."

இது நடந்து மூன்று வருஷமாகிறது. கிடா அவன் வீட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது. சாமிக்கு விட்டதை வெட்டவும் கூடாது, விற்றால் வாங்குவாரும் இல்லை. அவன் தினமும் அதற்குத் தழை ஒடித்துப் போடுகிறான். குதிரை ஓட்டுகிறான், ஆனால் படி ஏறுவதில்லை. சாயங்காலமானால் என் அடுப்படிக்கு வந்து அதே கேள்வியைக் கேட்கிறான். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று அதே பொய்யைச் சொல்கிறேன்.

பார்க்காமல் என்ன? கடிகாரம் கட்டிலுக்கு எதிரில்தானே தொங்கியது. அவள் மூச்சு நின்றபோது மணி ஒன்பதே கால். அதைச் சொல்வதுகூடப் பெரிய காரியமில்லை. ஆனால் மணியைச் சொன்னால், அதுவரை அவள் என்ன செய்தாள் என்று கேட்பான். ஏழு மணியிலிருந்து அவள் கதவையே பார்த்துக்கொண்டு, "அவர் வந்துட்டாராக்கா? அவர் வந்துட்டாராக்கா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.