ஒரு பொண்ணுதான் வேணுமாம்

ஆவடி குவார்ட்டர்ஸில் நானும் பக்கத்து வீட்டுத் தோழியும் எப்போதும் சேர்ந்தேதான் பாடுவோம். எங்களுக்கு உயிரான மெல்லிசைக் குழு திருவேற்காட்டு ஆடித் திருவிழாவுக்கு வந்தபோது, காய்ச்சல் என்று சொல்லி அவள் வரவில்லை. அம்மாவோடு போனேன். கச்சேரி நடுவே புதுப் பாடகி என்று மேடையேறியது அவள்தான். மொட்டை மாடியில் நாங்கள் இருவரும் பாடிப் பழகிய பாட்டையே பாடினாள்.

பாடி இறங்கியவளை மேடைக்குப் பின்னால் பிடித்தேன்.

"இன்னாடி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"ஒரு பொண்ணுதான் வேணும்னாங்க. குரல் டெஸ்டுக்கு நீயும் வந்திருந்தா உன்னைத்தான் எடுத்திருப்பாங்க," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மிச்சக் கச்சேரியைக் கேட்கப் பிடிக்காமல் அம்மாவைக் கிளப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆவடி வரும்வரை அம்மா அவள் குரலையே புகழ்ந்துகொண்டு வந்தாள்.