செல்வி அக்காவும் என் மூன்றடிப் பாம்பும்

செல்வி அக்கா இறந்துவிட்டார். நேற்று மாலை... மாரடைப்பு. காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

மேற்கு மாம்பலத்தில் நான் முன்பு குடியிருந்த தெருவின் முனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர்.

நான் பாம்பு வளர்ப்பது இங்கே பலருக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவின் சின்ன மலைப்பாம்பு, பெயர் சில்ட்ரன்ஸ் பைத்தான். மூன்றடிதான், விஷம் கிடையாது, பேப்பர் எல்லாம் பக்கா. ஆனால் அப்போது ஹவுஸ் ஓனர் மாமிக்குத் தெரியாது.

ஒரு டிசம்பர் காலை, அதன் கண்ணாடிப் பெட்டியைச் சரியாக மூடவில்லை. கதகதப்பு தேடிப் போய், இஸ்திரிக்கு எடுத்து வைத்த துணி மூட்டைக்குள் சுருண்டுவிட்டது. தெரியாமல் மூட்டையை வண்டியில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் காலிங் பெல். அக்கா. கையில் அதே மூட்டை, திரும்ப இறுக்கி முடிச்சுப் போட்டு.

"பதினோரு துணின்னு சொன்னியேமா. பன்னெண்டாவதா ஒண்ணு கீது. உன்துதானா?"

தெருவில் அவர் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்... அடித்தே கொன்றிருப்பார்கள்.

கீழிருந்து மாமி கேட்டார். "என்ன செல்வி, நீயே தூக்கிண்டு வந்திருக்கே?"

"ஒரு சட்ட சாயம் போவுது மாமி. கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

அப்புறம் என்னிடம் மெதுவாக, "தண்ணி குடு." ஒரு சொம்பு முழுக்கக் குடித்தார். பாம்பின் பெயரைச் சொன்னேன்.

"சில்ட்ரன்னா... பசங்க வெளையாடறதா?" சிரிக்காமல்தான் கேட்டார்.

அடுத்த வாரம் மாமியிடம் நானே உண்மையைச் சொன்னேன். ஒரு மாதத்தில் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஆதம்பாக்கத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுத்தது அக்காதான். கூடவே வந்து, புது ஓனரிடம் வாசலிலேயே கேட்டார்.

"இந்தப் பொண்ணுகிட்ட ஒரு பாம்பு கீது. ஒண்ணும் பண்ணாது. வீடு குடுப்பியா, மாட்டியா? இப்பவே சொல்லிடு நைனா."

கொடுத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறோம், நானும் பாம்பும்.

காலையில் போனில் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"எங்கம்மாவா? அவங்களுக்குப் பாம்புன்னா அவ்ளோ பயம்க்கா. கூடப்பொறந்த தம்பி பாம்பு கடிச்சித்தான் செத்தாரு. டிவில வந்தாக்கூட எழுந்து போய்டுவாங்க."

எனக்கு இது தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அவர் சொன்னதில்லை.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். இதோ கிளம்பிவிட்டேன்.

போய் வாங்க அக்கா.