ஒன்ராறியோ என்ஜினும் மூன்று பேரும்

ரொறன்ரோவிலிருந்து அண்ணையின் மகள் போன் எடுத்தாள். அண்ணைக்கு ஒரு வருடமாக மறதி. அவர் சொல்கிற பழங்கதைகளில் எது உண்மை, எது குழப்பம் என்று டொக்டர் கேட்கிறாராம்.

"சித்தப்பா, ஒன்ராறியோ எண்டு பேர் எழுதின என்ஜின் இழுத்த ரெயினிலைதான் சுன்னாகத்திலை இருந்து வெளிக்கிட்டனான் எண்டுறார். நீங்கள் ஸ்ரேசனிலை நிண்டு கை காட்டினீங்களாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

என்ஜின் உண்மை என்றேன். கனடா அந்தக் காலத்தில் இலங்கைக்கு அன்பளிப்பாகக் கொடுத்த டீசல் என்ஜின்களுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயர். சில இன்னும் ஓடுகின்றன. டீசல் என்கிறோமே தவிர, சக்கரத்தைச் சுற்றுவது மின்சாரம். டீசல் எரிந்து ஜெனரேற்றரைச் சுற்ற, அதில் வரும் மின்சாரம் கீழே உள்ள மோட்டர்களுக்குப் போகும். எங்கள் சுன்னாகம் பவர் ஹவுசைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்ட மாதிரி என்று சொல்லிச் சிரித்தேன்.

"ஆனால் நான் ஸ்ரேசனுக்குப் போகேல்லை, பிள்ளை. அது கொப்பருக்கு வந்த குழப்பம்."

அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் புறப்படக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அண்ணை வெளிநாட்டுக்குப் புறப்பட்ட அன்று அம்மா அழுதுகொண்டு ஸ்ரேசனுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். அண்ணை, எங்கள் தகப்பனாரான ஐயா, நான் என்றால் மூன்று. அதனால் ஒன்பது வயதுக்காரனான என்னை வீட்டில் விட்டுவிட்டு ஐயா போனார். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

போனை வைத்த பிறகுதான் தலை சுற்றியது. நான் போகவில்லை என்றால், அந்த என்ஜினின் நீண்ட மூக்கும், பின்னுக்குத் தள்ளியிருக்கும் சாரதியின் அறையும், பக்கத்தில் எழுதியிருந்த பெயரும் என் கண்ணுக்குள் எப்படி வந்தன? அண்ணை கடிதத்தில் எழுதினாரா? படத்தில் பார்த்தேனா? இரண்டு நாள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத் திரிந்தேன்.

மூன்றாம் நாள் சுன்னாகம் ஸ்ரேசனில் போய் நின்றேன். என் அதிர்ஷ்டம், காங்கேசன்துறைப் பக்கமிருந்து அந்த வகை என்ஜினே வந்தது. எழுதியிருந்தது வேறு மாகாணம். நிற்கும்போதும் அது சும்மா நிற்காது, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே இருக்கும். அந்த அதிர்வு சீமெந்துத் தரையால் வந்து செருப்புக்குள் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இது கடிதத்தில் வந்திருக்க முடியாது. என் காலுக்கு இது முன்பே தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணையோடு போனில் கதைத்தேன்.

"அண்ணை, அண்டைக்கு ஸ்ரேசனிலை ஐயா எங்கை நிண்டவர்?"

"ஐயா வரேல்லையடா. மூண்டு பேராய்ப் போகக்கூடாதெண்டு அம்மா மறிச்சவ. நீ சாப்பிடமாட்டன் எண்டு குப்புறப் படுத்து அழுதனி. 'அப்ப அவன் போகட்டும்' எண்டு சொல்லிப்போட்டு ஐயா வீட்டுப் படலையோடை நிண்டிட்டார்."

மகள் போனை வாங்கினாள்.

"சித்தப்பா, அப்பா சொன்னது சரியோ?"

"ஓம் பிள்ளை, முழுக்கச் சரி. குழம்பினது நான்தான்."

அண்ணை புறப்பட்ட அந்த நாளுக்குப் பிறகு ஐயா சாகும்வரை தன் மூத்த மகனைக் காணவேயில்லை. என்னை விட்டுவிட்டுத் தான் மட்டும் போய் வழியனுப்பிவிட்டு வந்தவர் என்று அவர் முகத்துக்கு நேரேயே இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். ஒரு தரமும் அவர் இல்லை என்று சொல்லவில்லை.