டிரம்மைத் தூக்கப் பழகினோம்

எங்கள் பாட்டுக் கோஷ்டி ஒரு திருவிழாவுக்குப் புறப்படுகிறதென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே நாங்கள் குடியிருக்கிற லயத்து வீட்டு வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். அண்ணன் பெரிய பேண்ட் டிரம்மை வாசலில் வெயிலில் வைப்பார். தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சேருவார். அவர் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசித்துவிட்டு, மறுநாள் மாரியம்மனுக்கும் அதே பக்தியோடு வாசிப்பார். நான் பாடுவேன். நோர்வூட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒருத்தி மேடையேறிப் பாடுவது பலருக்குப் பிடிக்கவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நின்றால், "பாட்டுக்காரி வாறாடி" என்று இளிப்பார்கள். நானும் சும்மா இருந்ததில்லை, வாயில் வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எழுபதுகளின் நடுவில் அந்தப் பஞ்சம் வந்தபோது இளிக்கிறவர்களும் அடங்கிப்போனார்கள். வேலை நாட்களைக் குறைத்துவிட்டார்கள். ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த கோதுமை மாவும் பத்தவில்லை. மரவள்ளிக் கிழங்கும் காட்டுக்கீரையும்தான் சாப்பாடு. பக்கத்து லயத்தில் ஒரு பெரியவர் செத்தபோது வாய்க்கரிசி போட எந்த வீட்டிலும் அரிசி இல்லை. கூப்பன் மாவைத்தான் வாயில் தூவி அனுப்பினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அவ்வளவு அசிங்கமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் அண்ணி பிள்ளை பெற்றாள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அண்ணன், அண்ணி, நான், மூன்று பேர்தான். பிள்ளை நான்காவது ஆள். அண்ணிக்குக் கால் வீங்கி, முகம் வெளுத்துக் கிடந்தது. பால் சுரக்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டொக்டர் ஐயா வந்து பார்த்துவிட்டு, "நல்லாச் சாப்பாடு குடுங்க" என்று சொல்லிப் போனார். என்னமோ நாங்கள் சாப்பாட்டை ஒளித்து வைத்திருப்பது போல.

அப்போது வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து கோயில் திருவிழாவுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். கார் ரோடு முடிந்த பிறகும் ஏறிப் போகவேண்டிய இடம். திறந்த வெளியில், மலைச்சரிவில் சனம் உட்கார்ந்து கேட்கும். அந்தத் தோட்டத்துக்குக் கீழே வயல்கள் இருந்தன. பணம் வேண்டாம், அரிசியாகத் தாருங்கள் என்று அண்ணன் கேட்டார். அவர்கள் சரி என்றார்கள். ஆனால் அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அப்போது சட்டம். ரோட்டுக்குக் குறுக்கே கம்பு போட்டு, வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள். பிடிபட்டால் அரிசியும் போகும், ஆளும் போவார்.

டிரம்முக்குள் வைக்கலாம் என்று சொன்னது அண்ணன்தான். ஒரு பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றினால் தோல் தனியாக வந்துவிடும். உள்ளே அரிசிப் பையை வைத்து, அசையாமல் துணி அடைத்து மூடிவிடலாம்.

அந்த முறை பாட்டுப் பழகவில்லை, தூக்கத்தான் பழகினோம். பையில் ஆற்றுமணல் நிரப்பி, டிரம்முக்குள் வைத்தோம். அடைக்கத் துணி போதவில்லை. அண்ணி தன் பழைய பச்சைச் சேலையைக் கிழித்துக் கொடுத்தாள்.

"கட்டுறதுக்கு வேணாமா அண்ணி?"

"சோறு தின்னா ஒடம்பு தேறும். பொறவு புதுசு கட்டிக்கிறேன்" என்றாள்.

அண்ணி கட்டிலில் சாய்ந்தபடி பொலிஸ்காரராக நடித்தாள். அண்ணன் டிரம்மை ஒரு கையில் தொங்கவிட்டு, பீடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒன்றுமில்லாததைத் தூக்கி வருகிறவர் போல அவள் முன்னால் நடந்தார்.

"ஏய், நில்லு! ஒங்க தோள் சாயுதுங்க. திரும்பப் போய் வாங்க."

அண்ணன் திரும்பப் போய் வந்தார். "கனம் கையில இருக்கட்டும், மொகத்துல தெரியக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாஸ்டரும் தூக்கிப் பார்த்தார், அவருக்கு மூச்சு வாங்கியது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொழம்புகூட வேணாம் புள்ள. ஒரு வாய் வெறுஞ்சோறு. உப்பு போட்டுத் தின்னுருவேன்."

பக்கத்துக் காம்பரா அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேனில் ஏறினோம். திருவிழா எப்படி நடந்தது என்று கேட்டால் எனக்குச் சரியாக நினைவில்லை. பனியில் தொண்டை கட்டக் கட்டப் பாடினேன். விடிந்ததும் பேசியபடி அரிசி தந்தார்கள், நல்ல வெள்ளைப் பச்சரிசி. கோயிலுக்குப் பின்னால் வைத்து அண்ணன் டிரம்மை அடைத்து மூடினார்.

காலையில் வரும் வழியில் நிறுத்தினார்கள். எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். அண்ணன் டிரம்மை ஒரு கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார், தோள் சாயவேயில்லை. பொலிஸ்காரர் சீட்டுகளைத் தூக்கிப் பார்த்தார், ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நங்கி, சிந்துவக் கியன்ன." ஒரு பாட்டுப் பாடு தங்கச்சி என்கிறார்.

சிங்களப் பாட்டு ஒன்று பாடினேன். டிரம்மையும் அடிக்கச் சொன்னார். பனியில் தோல் நனைந்துவிட்டது, அடித்தால் கிழியும் என்று அண்ணன் சிங்களத்தில் சொல்லிவிட்டு, ஓரத்துக் கட்டையில் குச்சியால் தட்டினார். அந்த மனுஷனுக்கு அதுவே பிடித்துப்போயிற்று. இன்னொன்று என்றார். அதற்குப் பிறகும் இன்னொன்று. தன் கையாலேயே பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், அதனால் வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. சிரித்துக்கொண்டு பாடினேன். கடைசியில் கம்பைத் தூக்கிவிட்டார்.

வேன் ஹட்டனைத் தாண்டியதும் மாஸ்டர் ஜெபம் சொன்னார். அண்ணன் டிரம்மை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தார்.

லயத்து வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். என்னைக் கண்டதும் பக்கத்துக் காம்பரா அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அண்ணி காலையில் போய்விட்டாள். அது நான் பாடிக்கொண்டிருந்த நேரமா, முன்னாலா, பின்னாலா என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. பார்த்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு ஒரு கிழவி மெதுவாகக் கேட்டாள். "வாய்க்கரிசிக்கு என்னா பண்றது? மாவாச்சும் இருக்கா?"

அண்ணன் எழுந்து போய் டிரம்மைக் கொண்டுவந்தார். இப்போது இரண்டு கையாலும் தூக்கி, முதுகு வளைந்து, காலை இழுத்து இழுத்து வந்தார். எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினார். முதலில் அவளுடைய பச்சைச் சேலைதான் துண்டு துண்டாக வெளியே வந்தது. லயமே அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு கை அள்ளி அவள் வாயில் வைத்தார்.

"ஒல வைக்கக்கூட விடலியேடி" என்றார்.

பிறகு வரிசையாக எல்லோரும் போட்டார்கள். மிச்சத்தில் நான் கஞ்சி காய்ச்சி, வடித்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்தேன். அது சப்பிக் குடித்தது.