சாமுவேல் இளைத்த கதை

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழித்தீவன ஆலையில் சாமுவேல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மக்காச்சோளமும் புண்ணாக்கும் லாரியில் வந்து இறங்கும். அரைத்துக் கலந்த தீவனம் பண்ணைகளுக்கு ஏறிப் போகும். ஏற்றுவதும் இறக்குவதும் அவன் முதுகுதான். தொண்ணூற்று மூன்றில் அவன் மனைவி ரூத் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போனாள். பிள்ளைகள் இல்லை. சுவரோடு நின்றுபோய்த் தகரம் வேய்ந்திருந்த வீட்டுக்கு மேல்தளம் போட வேறு வழி தெரியவில்லை.

“ரெண்டு வருசந்தானுங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துருவேன்” என்று சொல்லித்தான் ரயிலேறினாள். இரண்டு வருஷம் நான்காக நீண்டது.

அவள் போன வருஷமே சாமுவேலுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆலை முதலாளி நல்ல மனுஷர். வேலையை விட்டு அனுப்பாமல், மூட்டை நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிட்டார். உடம்பு உட்கார்ந்துவிட்டது, வயிறு உட்காரவில்லை. மூட்டை தூக்கியவனின் பசி அப்படியே இருந்தது. ரூத் இல்லாத வீட்டில் அடுப்பைப் பார்த்தாலே அவனுக்கு ஆகவில்லை. காலையில் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும், மதியம் பரோட்டா, பொழுது சாய மறுபடியும் பேக்கரி. அங்கே நாலு பேர் இருப்பார்கள், லைட் எரியும், ரேடியோ பாடும். வயிறு நிறைந்தால் தூக்கம் வந்துவிடும், தூங்கினால் அவள் நினைப்பு வராது. அவன் தின்றது பெரும்பாலும் அதற்காகத்தான்.

மூன்றாம் வருஷம் ரூத் ஒரு போட்டோ கேட்டாள். போவதற்கு முன் அவள் எடுத்துக் கொடுத்திருந்த நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனான். வயிற்றுக்கு நேரே பொத்தான் எட்டவே இல்லை. போட்டோக்காரர் ஒரு கோட்டைக் கொண்டுவந்து மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கழுவி வந்த படத்தைப் பார்த்தபோது, யாரோ ஒரு பருத்த ஆள் தன் கண்களை இரவல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது சாமுவேலுக்கு. அதை அவன் அனுப்பவில்லை. ரயிலை விட்டு இறங்கி அவள் தன்னைத் தேடுவாள், தான் எதிரில் நின்றும் கண்டுபிடிக்கமாட்டாள் என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது.

டாக்டரிடம் போனான். சர்க்கரை வரப்போகிறது, எடையைக் குறை என்றார். ஆப்பிள் சாப்பிடு, ஓட்ஸ் கஞ்சி குடி, எண்ணெயில்லாமல் மீன் சாப்பிடு என்றார். பல்லடத்தில் ஆப்பிளைக் காய்ச்சல்காரனுக்குத்தான் வாங்குவார்கள். ஓட்ஸை அவன் கண்ணால் கண்டதில்லை. ரூத் அனுப்பும் பணம் மேல்தளத்துக்கென்று பேங்கில் கிடந்தது. அவள் ஊரான் வீட்டுப் பாத்திரம் கழுவிச் சம்பாதித்ததில் ஆப்பிள் வாங்கித் தின்ன அவனுக்கு மனசு ஒப்பவில்லை. தன் கூலிக்குள் என்ன முடியுமோ அதுதான் என்று முடிவு செய்தான்.

அடுத்த திங்கட்கிழமை, சந்தை கலையும் நேரமாகப் பார்த்துப் போனான். அப்போதுதான் காய்கறி மலிவாகக் கிடைக்கும். வள்ளியாத்தாள் என்று ஒரு கீரைக்காரி, அவன் வயதுதான் இருக்கும், சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். மிஞ்சிக் கிடந்த பண்ணைக்கீரையையும் ஒரு முற்றாத சுரைக்காயையும் சேர்த்து அவன் பையில் போட்டாள். பக்கத்துக் கடையில் அவன் கம்பும் கொள்ளும் அளந்து வாங்குவதைப் பார்த்து, “ஏனுங்க, ஊட்டுல மாடு புடிச்சுருக்கீங்ளா?” என்று கேட்டாள்.

“மாடு நாந்தானுங்க” என்றான் சாமுவேல்.

அவள் சிரித்துவிட்டு, கொள்ளை முதல் நாளே ஊறப்போட்டால்தான் விறகு மிச்சமாகும் என்றாள்.

ரேஷன் அரிசியைப் பாதியாகக் குறைத்தான். கம்மஞ்சோற்றை உருண்டை பிடித்து, மோரில் கரைத்துக் காலையில் குடித்தான். கொள்ளை வேகவைத்து, தண்ணீரை இறுத்து ரசம் வைத்தான். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயமும் சீரகமும் வரமிளகாயும் வைத்து அம்மியில் அரைத்தான். முதலில் வாயில் வைக்க முடியவில்லை. ரூத் எப்படி அரைப்பாள் என்று யோசித்தான். வெங்காயத்தைக் கடைசியில் வைத்து ஒரே ஓட்டு ஓட்டி எடுப்பாள். அப்படிச் செய்ததும் ருசி கூடிவந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு ஆலைக்கு நடந்தே போனான். பேக்கரி வந்தால் ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்வான். பன் வேகும் வாசனைக்கு ரோட்டைத் தாண்டத் தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் மூட்டைத் தராசிலேயே ஏறி நிற்பான். “இந்த மூட்டைய எந்த லாரில ஏத்தறதுங்க?” என்று லோடுமேன்கள் கேலி செய்வார்கள். தராசு முதல் மாதம் அசையவில்லை. பிறகு இறங்க ஆரம்பித்தது. நடுவில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணியைக் கண்டு தோற்றுப்போய் மறுபடி ஏறியது, அப்புறம் இறங்கியது.

பசியைத் தாங்குவது பழகிவிட்டது. அதோடு கூட வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. வயிறு காலியாக இருக்கிற சாயங்காலங்களில் ரூத் தெளிவாக நினைவுக்கு வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியபடி அம்மி முன் குனிவது, கடைசிக் கவளத்தை அவன் தட்டில் தள்ளிவிட்டுத் தனக்குப் போதும் என்று பொய் சொல்வது. இத்தனை நாள் இதையெல்லாம் பன்னையும் பரோட்டாவையும் போட்டு மூடி வைத்திருந்திருக்கிறோம் என்று அவனுக்குப் புரிந்தது. ஒரு நாள் வாய்விட்டு அழுதான். ஆனாலும் பேக்கரிக்குப் போகவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் நாகூர் மீரானின் எஸ்டிடி பூத்தில் காத்திருப்பான். அவள் கூப்பிடுவாள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. கொள்ளு என்று சொன்னால் கலங்கிப்போவாள் என்று, ஆட்டுக்கறி என்பான், மீன் என்பான். பூத்துக்குள் புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டு, தின்னாத விருந்தை அவளுக்கு விவரித்துச் சொல்வான். அந்தப் பக்கம் அவள் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்கும்.

தொண்ணூற்றேழு மே மாதக் கடைசியில் இரண்டு மாத லீவில் வந்தாள். சென்னையில் இறங்கி, ராத்திரி ரயிலேறி, விடிகாலையில் கோயமுத்தூர் ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்தாள். சாமுவேல் நீலச் சட்டையில் நின்றிருந்தான். பொத்தான்கள் தாராளமாகப் பூட்டிக்கொண்டன; தோள்பட்டையில்கூடச் சட்டை கொஞ்சம் தொங்கியது. அவள் அவனை உடனே கண்டுகொண்டாள். பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு அவன் கன்னத்தையும் கழுத்தெலும்பையும் பார்த்தாள். அவன் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. முகம் உடைந்துபோயிற்று.

“பட்டினி கெடந்தீங்ளா?” என்றாள். “நான் அனுப்புன காசத் தொடாம பட்டினி கெடந்தீங்ளா?”

“இல்ல ரூத்து. நல்லாத்தான் தின்னேன்.”

“கறி, மீனுன்னு சொன்னதெல்லாம் பொய்யிங்ளா?”

அவளைப் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னான். பருத்துப் போனதை, போட்டோவை, டாக்டரை, கொள்ளுப்பருப்பை. அவள் நம்பவில்லை. ஊருக்கு வந்து, அலமாரியில் கிடந்த அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். “இவரையும் நான் பாக்காமயே போயிட்டனேங்க” என்றாள். அந்தப் பருத்த ஆளை அவள் வெறுப்பாள் என்றுதான் நினைத்திருந்தான். அவள் விரலோ அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் கறி எடுத்து வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள். குவைத்து வீட்டில் கறிக்குப் பஞ்சமில்லை, மிஞ்சியதை நின்றுகொண்டே வாரிப் போட்டுக்கொண்டுதான் நாலு வருஷம் ஓடியது, நீங்கள் தின்றதையே எனக்கும் போடுங்கள் என்றாள். அவன் அரைத்தான், அவள் உட்கார்ந்து பார்த்தாள். கம்மஞ்சோற்றில் கொள்ளுப்பருப்பை ஊற்றிப் பிசைந்து முதல் வாய் போட்டவள், மெல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

“வெங்காயம் சரியா உழுந்துருக்குதுங்க” என்றாள்.

இரண்டு மாதமும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். எதிரெதிரே, தரையில், அவசரமில்லாமல். சாமுவேல் தராசில் ஏறவே இல்லை. மேல்தளத்துக்குக் கம்பி கட்டினார்கள். காங்கிரீட் போட இன்னும் இரண்டு வருஷப் பணம் வேண்டியிருந்தது. ஜூலை கடைசியில் ரூத் திரும்பிப் போனாள்.

அவளை ரயிலேற்றிவிட்டுப் பல்லடம் வந்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. பேக்கரியில் லைட் போட்டிருந்தார்கள், தெரிந்த முகங்கள் கை தூக்கின. சாமுவேல் கொஞ்ச நேரம் நின்றான். நல்ல பசி. அவர்களுக்குத் தலையசைத்துவிட்டு, அந்தப் பசியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.