பெரியப்பாவின் இயர்போன்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர், பெரியப்பா வீட்டு முன்னறையில் சன்னலோரமாக வைக்கப்பட்டது. பொறியியல் படிக்கப்போகும் அண்ணனுக்காக வாங்கியது அது. வாங்கிய சில வாரங்களில் அண்ணன் ஹாஸ்டலுக்குப் போய்விட, கம்ப்யூட்டர் பெரியப்பாவிடம் தங்கிவிட்டது. அவர் அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். அதுவரை அவர் தன் கையால் இயக்கிய ஒரே இயந்திரம் டேப் ரிக்கார்டர். நாங்கள் அதே வீட்டின் மாடியில் குடியிருந்தோம். பள்ளி விட்டு வந்தால் நான் கீழேதான் கிடப்பேன்.

அண்ணன் போகும்போது அவருக்கு ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தான்: பாட்டு சிடி போடுவது. பெட்டியின் முன்பக்கம் தட்டு வெளியே வரும், சிடியை வைத்துத் தள்ளி, பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். சன்னலுக்கு இரு புறமும் இரண்டு ஸ்பீக்கர்கள். அவற்றுக்குச் சுவரில் தனி பிளக். வலது ஸ்பீக்கரில் ஒரு குமிழும் சிவப்பு விளக்கும் உண்டு.

பெரியப்பா பல வருடங்களாக எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்றவர். கனமான குரல். ஆனால் சுருதிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பாட்டு ஏறும் இடத்தில் அது சமதரையில் நடந்துகொண்டிருக்கும். “சார், நீங்க மட்டும் கொஞ்சம் மெதுவா” என்று குழுவை நடத்தியவர்கள் ஒவ்வொருவரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தன் குரலின் பலத்தைப் பற்றிய பாராட்டாக அதை அவர் எடுத்துக்கொண்டார்.

நவம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு சிடியோடு வந்தார். அதில் ஒரு பாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. அதன் மூன்றாவது அடி மெல்ல மேலேறி, உச்சியில் ஒரு நொடி நின்று இறங்கும். அதைப் போட்டு, கூடவே பாடினார். அது பெரியம்மா சீரியல் பார்க்கும் நேரம்.

“அது ஒரு பக்கம் கத்துது, நீங்க ஒரு பக்கம் கத்துறீங்க. கேக்கணும்னா காதுல மாட்டிக்கிட்டுக் கேளுங்க.”

அந்த வாரமே பெரியப்பா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் காதை முழுக்க மூடும் கறுப்பு இயர்போன் ஒன்றை வாங்கி வந்தார். சிடி தட்டுக்குக் கீழே இயர்போன் படம் போட்ட ஒரு சின்னத் துளை இருந்தது. சொருகினார். காதில் பாட்டு கேட்டது. டேப் ரிக்கார்டரில் இயர்போனைச் சொருகினால் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். ஆனால் ஸ்பீக்கரின் ஒயர் பெட்டியின் பின்பக்கத்தில் வேறொரு இடத்திலிருந்து வந்தது. முன்பக்கத் துளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை அண்ணன் பிற்பாடு எனக்கு விளக்கினான். ஆக, பெரியப்பாவின் காதில் கேட்ட பாட்டு, ஸ்பீக்கர் வழியாகத் தெருவுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

சத்தம் நிற்கவில்லையே என்று பெரியம்மா கையில் கரண்டியோடு வந்தார். பெரியப்பா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே, எதிரில் தள்ளுவண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“இன்னாமா பாடுறாரு சாரு! நான் கேசட்டுன்னுல்ல நெனச்சிகினு கீறேன்!”

பெரியம்மா அவரைப் பார்த்தார். ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் எதுவும் நடக்கும் என்று நம்பிய காலம் அது. மியூசிக்கைக் கம்ப்யூட்டர் போடுகிறது, பாடுவது சார் என்று தெரு முடிவு செய்துகொண்டது. சன்னல் வழியாகப் பார்த்தால் அவர் வாயசைவு பாட்டோடு ஒத்துப்போனது. அவர் சொந்தக் குரல் ஸ்பீக்கர் சத்தத்தில் கரைந்துபோனது. பால் பூத்தில் பாராட்டினார்கள். ரயில்வே கேட்டில் பாராட்டினார்கள். பெரியப்பா மிளகு போட்ட வெந்நீர் குடிக்கவும், தூறலுக்கே கழுத்தில் மப்ளர் சுற்றவும் தொடங்கினார்.

அந்த வருடம் சர்ச்சுக்குப் புதிதாக வந்திருந்த பாட்டு மாஸ்டரும் ஒரு நாள் சன்னலோரம் சைக்கிளை நிறுத்தினார்.

“சார், உங்களைப் போய் கடைசி வரிசைல நிக்க வச்சிருக்காங்களே! கிறிஸ்துமஸ் ப்ரோகிராம்ல இந்தப் பாட்டு நீங்கதான். சோலோ. ஒத்திகைகூட வேணாம் சார், நான்தான் கேட்டுட்டேனே.”

அன்று சாப்பிடும்போது பெரியப்பா அதை மிகச் சாதாரண விஷயம்போலச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். முற்றிய வெண்டைக்காய் வாங்கி வந்தால் ஒரு வாரம் பேசக்கூடியவர் பெரியம்மா. அன்று “எந்தச் சட்டை போட்டுக்கப் போறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு விஷயம் தெரியும். மறுநாள் அவர் பாடும்போது பின்னால் போய்க் குமிழைக் கடைசி வரை திருகி ஸ்பீக்கரை அடக்கினேன். பெரியப்பாவின் குரல் தனியாகத் தெருவுக்குப் போனது. எதிரே இஸ்திரிக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். பெரியம்மா ஈரக் கையோடு ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார்.

“உனக்கு வேற வேலையே இல்லையாடி?”

“பெரியம்மா, பாடுறது பெரியப்பா இல்ல, சிடி.”

“எனக்குத் தெரியாதா?”

“அப்ப ப்ரோகிராம் அன்னிக்கு என்ன பண்ணுவாரு?”

பெரியம்மா உதட்டில் விரலை வைத்தார். குமிழை முன்பு இருந்ததைவிட அதிகமாகத் திருகினார். மூடிக்கிடந்த இன்னொரு சன்னல் கதவையும் திறந்தார். சாரல் தரையில் தெறித்தது. துடைக்கவில்லை. மறுநாள் முதல், பெரியப்பா ஆபீசுக்குப் போன பிறகு, கம்ப்யூட்டரைத் தூசு தட்டக்கூடத் தொடாத பெரியம்மா அதே பாட்டைத் தானே போட்டுவிட்டுச் சமைக்கத் தொடங்கினார். கடைசியில் அவருக்கும் பாட்டு பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

ப்ரோகிராம் சர்ச் வளாகத்தில் பந்தல் போட்டு நடந்தது. மதம் பார்க்காமல் எல்லோரையும் அழைத்திருந்ததால் எங்கள் தெரு முழுக்க வந்திருந்தது. இஸ்திரிக்காரர் தான் தேய்த்த பெரியப்பாவின் வெள்ளைச் சட்டையை மேடையில் பார்ப்பதற்காக வளாகத்தின் கேட்டருகே நின்றார். பெரியப்பா மைக்கைப் பிடித்தார். முதல் அடியிலேயே கீபோர்டு வாசித்தவர் தலையை நிமிர்த்தி, விரல்களால் அவரைத் தேடத் தொடங்கினார். பாட்டு மாஸ்டரின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டாவது அடியில் முன்வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியப்பா ஒரு கணம் நின்றார். மைக் வழியாக அவர் மூச்சு மட்டும் பந்தல் முழுக்கக் கேட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, உட்கார்ந்தபடியே பாடத் தொடங்கினார். மெல்லிய, நேரான குரல். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. அடுத்து பால் பூத்து அக்கா பாடினார். பிறகு எங்கள் அம்மா. இத்தனை வாரம் காலையும் மாலையும் கேட்டதில் தெருவுக்கே பாட்டு மனப்பாடம். கேட்டருகிலிருந்து இஸ்திரிக்காரர், அடிகளுக்கு நடுவே வரும் புல்லாங்குழலைக்கூட விடாமல் வாயால் ஊதினார். மூன்றாவது அடி ஏறியபோது பந்தலே எழுந்து நின்று ஏறியது. அந்தச் சத்தத்துக்குள் பெரியப்பாவின் குரல், சன்னலோரத்தில் கரைந்ததுபோலவே கரைந்தது. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

“பாத்தியா? நான் ஆரம்பிச்சதுதான், சபையே எழுந்து பாடிடுச்சு” என்று வீடு திரும்பும் வழியெல்லாம் பெரியப்பா என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார். பெரியம்மா இரண்டடி பின்னால், தெருவில் தேங்கியிருந்த மழைத் தண்ணீருக்குப் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். பெரியப்பா அடிக்கடி திரும்பி அவரைப் பார்த்தார். தண்ணீரில் விழுந்துவிடுவாரோ என்று பயந்தார் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு பெரியப்பா இயர்போனை மாட்டவில்லை. மாலையில் சிடியைப் போட்டுவிட்டு, வாயைத் திறக்காமல், சமையலறையைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். உள்ளே பெரியம்மா தேங்காய் துருவியபடி, தன்னை அறியாமல் கூடவே பாடுவார். அப்படி ஒரு மாலை, பாட்டு மூன்றாவது அடியைத் தொடும் நேரம், பெரியப்பா பின்னால் கை நீட்டி ஸ்பீக்கரின் குமிழைக் கொஞ்சம் குறைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம்.

“என்ன பெரியப்பா, பாட்டு அலுத்துப்போச்சா?”

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

நான் மாடிக்கு ஓடிப்போய், பெரியப்பாவுக்கு அந்தப் பாட்டு அலுத்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.